வீட்டிலேயே கர்ப்பப் பரிசோதனை: எப்போது பார்ப்பது, எப்படிப் பார்ப்பது, எந்தக் கோட்டை நம்புவது?

நாள் தள்ளிப்போனதும் கிட் வாங்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்கு முன்னும் பின்னும் வருகிற கேள்விகள் ஏராளம். அடிக்கடி கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது.

இந்தக் கிட் உண்மையில் எதைக் கண்டுபிடிக்கிறது?

எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை. கரு கருப்பையின் உட்சுவரில் பதிந்த பிறகு, பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் இதைச் சுரக்கத் தொடங்குகின்றன. அது முதலில் ரத்தத்தில் சேர்கிறது, அங்கிருந்து சிறுநீருக்கு வருகிறது.

கிட்டுக்குள் இருப்பது ஒரு காகிதப் பட்டை. சிறுநீர் அதில் ஊறி மேலேறும்போது, வழியில் காத்திருக்கும் நிறத் துகள்களை அடித்துக்கொண்டு போகிறது. அந்தத் துகள்களின் மேல் எச்.சி.ஜி.யைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடிகள் ஒட்டியிருக்கும். 'டி' (டெஸ்ட்) என்ற இடத்தில் இன்னொரு வகை ஆன்டிபாடி உட்கார்ந்திருக்கிறது. எச்.சி.ஜி. இருந்தால் அது இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ள, துகள்கள் அங்கேயே தங்கிக் கோடாகத் தெரிகின்றன. இல்லாவிட்டால் நிற்காமல் தாண்டிப்போய், கிட் வேலை செய்ததைக் காட்டும் 'சி' (கன்ட்ரோல்) கோட்டில் மட்டும் சேர்கின்றன.

ஆகவே கிட் சொல்லும் பதில் ஒன்றே ஒன்றுதான்: 'இந்தச் சிறுநீரில், இந்த நேரத்தில், என்னால் பிடிக்க முடிந்த அளவு எச்.சி.ஜி. இருக்கிறது' அல்லது 'இல்லை'. கரு எங்கே இருக்கிறது, நன்றாக வளர்கிறதா, எத்தனை வாரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. கீழே உள்ள பாதிக் குழப்பங்கள் இதை மறப்பதால் வருபவை.

எப்போது பார்த்தால் சரியாக இருக்கும்?

மாதவிடாய் வரவேண்டிய நாளில், அல்லது அதற்குப் பிறகு. ஒரு வாரம் தள்ளிப் பார்த்தால் பதிலை இன்னும் தைரியமாக நம்பலாம்.

28 நாள் சுழற்சி உள்ளவருக்கு ஏறத்தாழ 14ஆம் நாள் சினைமுட்டை வெளிவரும். கரு உருவானால் அது கருப்பையில் பதிய மேலும் 6 முதல் 12 நாள் ஆகும். பெரும்பாலானவர்களுக்கு 8, 9, 10ஆம் நாட்களில் பதிகிறது. அதன் பிறகுதான் எச்.சி.ஜி. சுரக்கவே தொடங்கும். ஆரம்பத்தில் அது சுமார் இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்று 5 அலகு என்றால் இரண்டு நாளில் 10, நான்கு நாளில் 20, ஆறு நாளில் 40. பல கிட்களுக்கு ஒரு மில்லிலிட்டரில் 25 அலகு (மில்லி யூனிட்) இருந்தால்தான் கோடு தெரியும். அதாவது 5 அலகு இருக்கும் நாளில் பார்த்தால் நெகட்டிவ், அதே பெண் ஐந்தாறு நாள் கழித்துப் பார்த்தால் பாசிட்டிவ். கிட் இரண்டு முறையும் தவறாகச் சொல்லவில்லை.

'நாள் தள்ளிப்போகும் முன்பே தெரியும்' என்று போட்டிருக்கிறதே?

குறைந்த அளவையும் பிடிக்கும் கிட்கள் உண்டு. ஆனால் கரு தாமதமாகப் பதிந்திருந்தால், பிடிப்பதற்கே எதுவும் இருக்காது. முன்கூட்டியே பார்ப்பவர்கள் ஒன்றை ஏற்றுக்கொண்டு பார்க்க வேண்டும்: பாசிட்டிவ் வந்தால் அதற்கு மதிப்பு உண்டு, நெகட்டிவ் வந்தால் அதற்கு அநேகமாக மதிப்பில்லை.

பாக்கெட்டில் உள்ள '99% துல்லியம்' என்பதையும் இப்படித்தான் படிக்க வேண்டும். அது பொதுவாக, மாதவிடாய் வரவேண்டிய நாளிலிருந்து, குறிப்பில் சொன்னபடியே செய்தால் கிடைக்கும் துல்லியம். நான்கு நாள் முன்னதாகப் பார்ப்பவருக்கு அந்த எண் பொருந்தாது.

எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வராது. 'வரவேண்டிய நாள்' எது என்றே தெரியாதே?

அப்படியானால் கடைசியாகப் பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட நாளிலிருந்து எண்ணுங்கள். 21 நாள் முடிந்த பிறகு பார்த்தால் போதும். நெகட்டிவ் வந்து, மாதவிடாயும் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள், கருத்தடை ஊசியையோ மாத்திரையையோ சமீபத்தில் நிறுத்தியவர்கள் எல்லோருக்கும் இதே கணக்குதான்.

பால் கொடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரசவத்துக்குப் பிறகு முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே சினைமுட்டை வெளிவந்துவிடலாம். 'இன்னும் பீரியட்ஸே வரவில்லை, அதனால் வாய்ப்பில்லை' என்று இருந்துவிட முடியாது.

அவசர கருத்தடை மாத்திரை போட்டவர்களுக்கும் 21 நாள் கணக்குதான். அந்த மாத்திரை மாதவிடாயைச் சில நாள் முன்னும் பின்னும் தள்ளும் என்பதால், நாள் தள்ளியதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

காலையில் முதல் சிறுநீர்தான் வேண்டுமா?

நாள் தள்ளிய முதல் வாரத்தில், ஆம், அதுவே நல்லது. இரவு முழுக்கத் தேங்கியதால் அடர்த்தியாக இருக்கும். வேறு நேரத்தில் பார்க்க வேண்டுமானால் மூன்று நான்கு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்து, அந்த நேரத்தில் நிறையத் தண்ணீர் குடிக்காமல் எடுங்கள். 'சிறுநீர் வரவில்லையே' என்று மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பார்ப்பதுதான் பொதுவாக நடக்கிற தவறு. தண்ணீர் போல நிறமே இல்லாமல் வந்தால் அதில் எச்.சி.ஜி.யும் நீர்த்துப்போய்த்தான் இருக்கும். நாள் தள்ளி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டால் எந்த நேரம் எடுத்தாலும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

டிராப்பரோடு வரும் கேசட் கிட்டை எப்படிப் பயன்படுத்துவது?

முதலில் காலாவதித் தேதியைப் பாருங்கள். அலுமினிய உறை கிழிந்தோ காற்றுப் புகுந்தோ இருந்தால் அந்தக் கிட் வேண்டாம், ஈரம் பட்டால் உள்ளே உள்ள ஆன்டிபாடிகள் கெட்டுப்போகும். இதனால்தான் சிறுநீரை எடுத்து வைத்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். உள்ளே சின்னப் பொட்டலம் ஒன்று இருக்கும். அது ஈரம் உறிஞ்சுவதற்கானது, தூக்கிப் போட்டுவிடலாம்.

சிறுநீரைச் சுத்தமான, காய்ந்த கப்பில் பிடியுங்கள். சோப்பு போட்டுக் கழுவிய பாத்திரத்தில் சோப்பு மிச்சம் இருந்தால் முடிவு கெடும், அதனால் ஒருமுறை பயன்படுத்தும் கப் உத்தமம். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடித்தால் நல்லது.

கேசட்டைச் சமமான மேஜையில் படுக்க வையுங்கள். கையில் பிடித்துக்கொண்டு விட வேண்டாம். டிராப்பரை நேர் செங்குத்தாகப் பிடித்து, வட்டமான குழியில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பல கிட்களுக்கு 3 சொட்டு, சிலவற்றுக்கு 2 அல்லது 4, எனவே உங்கள் கிட்டின் தாளைப் பாருங்கள். டிராப்பரைச் சாய்த்தால் சொட்டின் அளவு மாறும், குமிழி விழுந்தால் அது குழியின் வாயை அடைத்துக்கொள்ளும். ஒரு சொட்டு உள்ளே இறங்கியதும் அடுத்ததை விடுங்கள். கோடு தெரியும் ஜன்னலில் ஒரு துளியும் படக் கூடாது.

சில நொடிகளில் ஜன்னலின் ஒரு ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பான ஈரம் மறு ஓரத்தை நோக்கி நகர்வது தெரியும். அந்த நேரத்தில் முழு ஜன்னலும் ரோஜா நிறமாகத் தோன்றினால் பயப்பட வேண்டாம். துகள்கள் கடந்துபோகின்றன, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் பின்னணி வெளுத்துக் கோடு மட்டும் நிற்கும். கடிகாரத்தையோ போன் டைமரையோ வையுங்கள். தாளில் சொன்ன நேரத்தில், பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில், பாருங்கள். சொட்டு போதவில்லை போலிருக்கிறதே என்று நடுவில் கூடுதலாக ஊற்றுவதும், கேசட்டைத் தட்டுவதும் குலுக்குவதும் வேண்டாம்.

ஸ்ட்ரிப், பேனா மாதிரி உள்ளவை?

ஸ்ட்ரிப்பை அம்புக்குறி கீழே பார்க்கும்படி சிறுநீரில் முக்க வேண்டும். அதில் போட்டிருக்கும் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் துகள்கள் பட்டை வழியே ஏறாமல் கப்பிலேயே கரைந்துவிடும். குறித்த நொடிகள் ஆனதும் எடுத்துப் படுக்க வையுங்கள்.

பேனா வடிவக் கிட்டின் நுனியைச் சிறுநீர் போகும்போதே அதில் 5 நொடி போலப் பிடிக்க வேண்டும், நுனி எப்போதும் கீழ்நோக்கி இருக்கட்டும். இது கைவராதவர்கள் கப்பில் பிடித்து நுனியை முக்கலாம். டிஜிட்டல் கிட்டைப் பிரித்துப் பார்த்தால் உள்ளேயும் இதே காகிதப் பட்டைதான் இருக்கும். கோட்டை நம் கண்ணுக்குப் பதில் ஒரு சென்சார் படித்துச் சொல்கிறது. அதனால் டிஜிட்டல் என்றாலே கூடுதல் துல்லியம் என்று பொருளில்லை.

இரண்டாவது கோடு மிகவும் மங்கலாக இருக்கிறது. பாசிட்டிவா, நெகட்டிவா?

நேரத்துக்குள் வந்திருந்தால், நிறம் இருந்தால், கோடு ஓரம் முதல் ஓரம் வரை முழுதாக இருந்தால் பாசிட்டிவ். எவ்வளவு மங்கல் என்பது பொருட்டில்லை. எச்.சி.ஜி. இப்போதுதான் ஏறத் தொடங்கியிருக்கிறது, அல்லது சிறுநீர் நீர்த்திருக்கிறது என்று கொள்ளலாம். 48 மணி நேரம் கழித்து, அதே பிராண்டில் புதுக் கிட் எடுத்துக் காலைச் சிறுநீரில் மறுபடி பாருங்கள். பெரும்பாலும் கோடு பளிச்சென்று வரும்.

தினமும் ஒன்று பார்த்து, நேற்றைய கோட்டோடு இன்றைய கோட்டை ஒப்பிட்டுக் கவலைப்படுபவர்கள் உண்டு. கிட்டுக்குக் கிட் துகள் அளவு மாறும், நாளுக்கு நாள் சிறுநீர் அடர்த்தி மாறும். கோட்டின் அழுத்தத்தை வைத்துக் கரு வளர்கிறதா என்று கணிக்க முடியாது. அழுத்தமான கோடு இரட்டைக் குழந்தை என்றும் ஆகாது.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரு கோடு வந்திருக்கிறது!

அதை எண்ணாதீர்கள். சிறுநீர் காய்ந்ததும் ஆன்டிபாடி தடவிய இடம் லேசாகத் தடம் காட்டும். ஆவியானதால் வரும் அந்தக் கோடு சாம்பல் நிறத்தில், பென்சிலால் இழுத்து அழித்தது போல, பெரும்பாலும் மெல்லிசாக இருக்கும். குப்பைக் கூடையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பல கிட்களில் ஏதாவது ஒரு கோடு தெரியத்தான் செய்யும். 10 நிமிடம் தாண்டிய கிட்டின் பதிலுக்கு மதிப்பில்லை. சந்தேகம் தீராவிட்டால் புதிதாக ஒன்று பாருங்கள்.

'சி' கோடு வரவில்லை, 'டி' மட்டும் வந்திருக்கிறது.

கிட் செல்லாது. சொட்டுக் குறைவாக விட்டிருக்கலாம், அல்லது கிட் பழுதாகியிருக்கலாம். 'டி' எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் புதுக் கிட்டில்தான் பார்க்க வேண்டும். 'சி' கோடு மங்கலாக இருந்தாலும் வந்துவிட்டால் செல்லும்.

நெகட்டிவ் வந்தது, ஆனால் மாதவிடாயும் வரவில்லை. என்ன செய்வது?

இது மிகச் சாதாரணம். அந்த மாதம் சினைமுட்டை தாமதமாக வெளிவந்திருந்தால் எல்லாமே அத்தனை நாள் தள்ளும். உங்கள் கணக்கில் 'ஐந்து நாள் தள்ளியிருக்கிறது' என்றால், உடலின் கணக்கில் இன்னும் நாளே ஆகியிருக்காது. மூன்று நாள் கழித்து ஒன்று, ஒரு வாரம் கழித்து ஒன்று பாருங்கள். அதிலும் நெகட்டிவ் என்றால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. மன அழுத்தம், எடை வேகமாகக் கூடுவது குறைவது, தைராய்டு, பி.சி.ஓ.எஸ். என்று நாள் தள்ள வேறு காரணங்கள் நிறைய உண்டு.

இன்னொரு காரணம் அரிது, ஆனால் விசித்திரம். கர்ப்பம் எட்டு வாரத்தைத் தாண்டி எச்.சி.ஜி. உச்சத்தில் இருக்கும்போது, அளவுக்கு மீறிய ஹார்மோன் இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியே அடைத்துவிடும். நடுவில் பாலம் போட இடமில்லாமல் கோடே வராமல் போகலாம். சிறுநீரைத் தண்ணீரில் நீர்த்துப் பார்த்தால் கோடு வரும். இரண்டு மாதம் மாதவிடாய் இல்லை, குமட்டல், மார்பக வலி எல்லாம் இருக்கிறது, கிட் மட்டும் 'இல்லை' என்கிறது என்றால் கிட்டை விட்டுவிட்டு ஸ்கேனுக்குப் போங்கள்.

பாசிட்டிவ் வந்து, சில நாளில் ரத்தப்போக்கும் வந்துவிட்டது. கிட் தவறா?

பெரும்பாலும் இல்லை. கரு பதிந்து, கொஞ்சம் ஹார்மோன் சுரந்து, தொடர்ந்து வளராமல் போயிருக்கலாம். இதைக் கெமிக்கல் பிரெக்னென்சி என்பார்கள். கிட் வருவதற்கு முந்தைய காலத்தில், 'இந்த மாதம் நான்கு நாள் தள்ளி வந்தது' என்பதோடு இது கடந்துபோயிருக்கும். நீங்கள் தூக்கியதோ நடந்ததோ சாப்பிட்டதோ இதற்குக் காரணம் அல்ல, கருவின் குரோமோசோம் குறைதான் பெரும்பாலும் காரணம். ஆனால் பாசிட்டிவுக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கர்ப்பமே இல்லாமல் பாசிட்டிவ் வருமா?

அரிதாக வரும். கருச்சிதைவு, கருக்கலைப்பு, பிரசவத்துக்குப் பிறகு எச்.சி.ஜி. முழுதாக வடியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை கோடு வரலாம். குழந்தையின்மைச் சிகிச்சையில் எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அந்த ஊசியின் மருந்தையே கிட் பிடிக்கும். எனவே இரண்டு வாரமாவது கழிய வேண்டும், உங்கள் மருத்துவர் சொன்ன தேதிக்கு முன் பார்க்கவே வேண்டாம். முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் (கரு சரியாக வளராமல் நீர்க்கொப்புளங்களாக வளரும் நிலை), சில கட்டிகளிலும், மாதவிடாய் நிற்கும் வயதில் சிலருக்கும் எச்.சி.ஜி. இருக்கும்.

பாராசிட்டமால், ஆன்டிபயாடிக், கருத்தடை மாத்திரை ஆகியவை முடிவை மாற்றுவதில்லை.

ஓவுலேஷன் கிட்டில் இரண்டு கோடு வந்தது. அது கணக்கில் வருமா?

வராது. அது சினைமுட்டை வெளிவரும் நாளை அறிய, எல்.எச். என்ற வேறு ஹார்மோனைப் பார்ப்பது. எல்.எச். எப்போதும் கொஞ்சம் இருக்கும் என்பதால் அந்தக் கிட்டில் மங்கலான கோடு நெகட்டிவ், 'சி' அளவுக்கு அழுத்தமாக இருந்தால்தான் பாசிட்டிவ். கர்ப்பக் கிட்டில் மங்கலான கோடும் பாசிட்டிவ். இரண்டு ஸ்ட்ரிப்பும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் உறையை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.

உப்பு, சர்க்கரை, பற்பசை, பிளீச்சிங் பவுடர் வைத்துப் பார்ப்பது?

எதுவுமே எச்.சி.ஜி.யோடு வினைபுரிவதில்லை. பற்பசையில் உள்ள கால்சியம் கார்பனேட் அமிலத்தன்மை உள்ள எந்தச் சிறுநீரிலும் நுரைக்கும், ஆணின் சிறுநீரிலும்தான். பிளீச்சிங் பவுடர் வீண் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. சிறுநீரோடு கலந்தால் நுரையீரலைப் பாதிக்கும் குளோரமின் வாயு வரும்.

ரத்தப் பரிசோதனை எப்போது தேவை?

குறைந்த அளவையும் பிடிக்கும், அளவை எண்ணாகவும் சொல்லும் என்பதுதான் அதன் பலம். பொதுவாக 5க்குக் கீழே நெகட்டிவ், 25க்கு மேலே பாசிட்டிவ், இடைப்பட்டது என்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தப்போக்கு, வலி, முன்பு கருக்குழாய்க் கர்ப்பம் (கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் வளர்வது) ஏற்பட்டது போன்றவை இருந்தால் இது உதவும். மற்றபடி, தெளிவாகப் பாசிட்டிவ் வந்த எல்லோருக்கும் இது கட்டாயம் அல்ல.

பாசிட்டிவ். எத்தனை வாரம் என்று கணக்கு வைப்பது?

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து. அதனால் 28 நாள் சுழற்சிக்காரர் நாள் தள்ளிய அன்றே பார்த்தால் '4 வாரம்' என்பார்கள். கரு உருவாகி இரண்டு வாரம்தானே என்று குழம்ப வேண்டாம். பிரசவத் தேதிக்கு அந்த முதல் நாளோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டுங்கள்: ஜூன் 10 என்றால் மார்ச் 17. சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு ஸ்கேன் சொல்லும் தேதியே சரி.

அன்றிலிருந்தே ஃபோலிக் அமிலம் தினம் 400 மைக்ரோகிராம் தொடங்குங்கள் (சிலருக்கு மருத்துவர் அதிகம் சொல்வார்). மது, புகை நிறுத்துங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலோடு மருத்துவரைப் பாருங்கள். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுபவர்கள் அன்றே நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். வலிப்பு மாத்திரையை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கம், விடாத வலி. தோள் முனையில் வலி. தலைச்சுற்றல், மயக்கம். அதிக ரத்தப்போக்கு. பாசிட்டிவ் வந்த பிறகு இவற்றில் எது வந்தாலும் இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள், கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் வளர்ந்துகொண்டிருக்கலாம். அங்கே வளர்ந்தாலும் கிட்டில் அதே இரண்டு கோடுதான் வரும். கருக்குழாய்க் கர்ப்பத்தில் எச்.சி.ஜி. குறைவாக இருக்கலாம் என்பதால், நாள் தள்ளி இப்படி வலி இருந்து கிட் நெகட்டிவ் காட்டினாலும் போகத்தான் வேண்டும்.

காப்பர் டி வைத்திருப்பவர்கள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவர்கள் பாசிட்டிவ் பார்த்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். இவர்கள் கர்ப்பமாவது அரிது, ஆனால் கர்ப்பமாகிவிட்டால் அது கருக்குழாயில் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

பார்த்து முடித்த கிட்டை என்ன செய்வது?

மருத்துவரிடம் காட்ட வேண்டுமானால் குறித்த நேரத்துக்குள் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் கழித்துக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டும் கிட்டை யாரும் படிக்க முடியாது. பிறகு காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள், டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அடைத்துக்கொள்ளும். டிஜிட்டல் கிட்டில் பேட்டரி இருக்கும், அதைக் கழற்றி மின்கழிவோடு சேர்க்க வேண்டும்.